“கண்ட்ரோல் சரியா இருக்கு, மேடம்”

நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பரிசோதனைப் பிரிவுக்கு ஏதோ ஆண்டு விழா வருகிறதாம். மலர் போடுகிறார்கள். “சார், நீங்க முப்பத்திரண்டு வருஷம் இருந்தவரு. சுவையா ஒரு அனுபவம் எழுதிக் குடுங்க” என்று கவிதா போன் செய்தாள். பன்னிரண்டு வருடம் என்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த மேசை அவளுடையது.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் கேட்டாள். “புது மெஷின் வந்துடுச்சி சார். எல்லாம் அதுவே செஞ்சுக்குது, அதுவே கழுவிக்குது. தெனம் கண்ட்ரோல் போடணுமா? வாரத்துக்கு ஒரு தடவ போட்டா போதும்னு கம்பெனிக்காரரு சொல்றாரு.”

“எழுதித் தர்றேன்மா” என்றேன். எதற்கு எழுதித் தருகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதியிருக்கிறேன். சுவையாக இருக்காது. மலரில் இடமில்லை என்றால் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கட்டும். கண்ட்ரோல் போடச் சோம்பல் வரும் நாளில் எடுத்துப் படித்தால் போதும்.

என் கதையை நீட்ட ஒன்றுமில்லை. அப்பா மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தார். மில் படுத்த வருடம் நான் டெக்னீஷியன் படிப்பு முடித்தேன். வீடு அப்போதும் இப்போதும் இதே ஊரில் சாரம் என்கிற பகுதியில்தான். வேலையில் முதல் பத்து வருடம் சிறுநீர், மலம், ரத்த அணு எண்ணிக்கை. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நினைத்த வயதில் என்னை மாடியறைக்கு மாற்றினார்கள். தோல் நோய்களுக்கான எதிர்ப்பொருள் சோதனைகள் அங்கேதான் நடந்தன. அங்கே பேராசிரியர் வசுந்தரா இருந்தார்.

மேடம் உயரம் குறைவு, குரலும் குறைவு. அத்தனை வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நாங்கள் நெளிவோம். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டு, “சொல்லுங்க” என்பார். அந்தச் சொல்லுக்கு அறையில் உள்ள எல்லோரும் பயந்தோம்.

முதல் நாள் என்னை உட்காரவைத்து, உடம்பு ஏன் கலைந்து கொட்டாமல் நிற்கிறது என்று கேட்டார். நான் எலும்பு என்றேன். சிரிக்கவில்லை. “எலும்பு இல்லாத தோல் எப்படி நிக்குது?” என்றார். பிறகு அவரே சொன்னார். தோலின் செல்கள் பக்கத்துச் செல்லோடு கை கோத்துக்கொண்டு நிற்கின்றன. கோக்கிற கை ஒரு புரதம். அதன் பெயர் டெஸ்மோக்ளீன். அதில் ஒரு பாதி செல்லுக்கு உள்ளே வேர் பிடித்திருக்கும். மறுபாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே நீட்டும் பாதியில் ஐந்து துண்டுகள் வரிசையாக இருக்கும். நுனித் துண்டு எதிர்ச் செல்லின் நுனித் துண்டைப் போய்ப் பிடிக்கும். அந்தப் பிடியில்தான் தோல் தோலாக இருக்கிறது.

“அஞ்சு துண்டும் தானா விறைப்பா நிக்காது சேகர். ஒவ்வொரு ரெண்டு துண்டுக்கும் நடுவுல கால்சியம் உக்காந்திருக்கும். அது இருந்தா கஞ்சி போட்ட வேட்டி. அத எடுத்துட்டா துவண்டுடும். துவண்ட கையால யாரையும் பிடிக்க முடியாது.”

மில்காரன் மகனுக்குக் கஞ்சி போட்ட துணி என்றால் உடனே புரியும் என்று தெரிந்தே சொன்னாரோ என்னவோ. அன்றிலிருந்து அந்தப் பாடத்தை நான் மறந்ததில்லை. மறந்திருந்தால் அறியாமல் செய்த தப்பு என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

சிலருக்கு உடம்பே அந்தக் கைகளுக்கு எதிராக எதிர்ப்பொருள் தயாரிக்கத் தொடங்கிவிடும். அது போய் வெளி நுனித் துண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். செல்கள் கையை விடும். முதலில் வாய்க்குள் புண் வரும். ஆறாது. பிறகு உடம்பில் தளதளவென்று நீர்க் கொப்புளங்கள் எழும். தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து தொடங்கினால் பெரும்பாலும் அடக்கிவிடலாம். தாமதமானால் திறந்த தோல் வழியாகக் கிருமி புகுந்துவிடும்.

எங்கள் சோதனை இதுதான். தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் டெஸ்மோக்ளீனின் வெளிப்பாதியை மட்டும் ஒட்டவைத்திருப்போம். அதன்மேல் நோயாளியின் ரத்தநீரை விடுவோம். எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததை எல்லாம் கழுவி விடுவோம். பிறகு ஒட்டியதைக் காட்டிக்கொடுக்கும் மருந்து, மறுபடி கழுவல், பிறகு நிறம் தரும் திரவம். நீலம் வரும். அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நீலம் மஞ்சளாகும். மஞ்சளின் அடர்த்தியை ஒரு கருவி எண்ணாகச் சொல்லும். அடர்ந்த மஞ்சள் என்றால் நோய். நிறமே இல்லை என்றால் நோயில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எதிர்ப்பொருள் அடையாளம் கண்டுகொள்வது அந்தப் புரதத்தின் உருவத்தை. விறைப்பாக நின்றால்தான் அதற்கு இவன்தான் ஆள் என்று தெரியும். அதனால் கழுவும் நீரிலும் கால்சியம் கலந்தே வைப்போம். கலப்பது என் வேலை.

ஒவ்வொரு தட்டிலும் இரண்டு குழிகள் நோயாளிகளுக்குக் கிடையாது. ஒன்றில் நோய் உறுதியான ஒருவரின் ரத்தநீர். அது மஞ்சளாகியே தீர வேண்டும். இன்னொன்றில் ஆரோக்கியமான ஒருவருடையது. அது நிறமில்லாமலே இருக்க வேண்டும். இவைதான் கண்ட்ரோல். மஞ்சளாக வேண்டியது மஞ்சளாகவில்லை என்றால் அன்றைய தட்டில் எதையும் நம்பக் கூடாது. மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மேடம் முடிவுத்தாளைப் பார்க்கும் விதம் தனி. நோயாளிகளின் பெயர் இருக்கும் பக்கத்தை இடது கையால் மூடிக்கொள்வார். கண்ட்ரோல் எண்ணை மட்டும் பார்ப்பார். அதைப் படித்து, எங்கள் நோட்டில் எழுதிய எல்லையோடு ஒத்துப் பார்த்து, பென்சிலால் ஒரு சின்ன டிக் போட்ட பிறகுதான் கையை எடுப்பார். “பேரப் பாத்துட்டா இரக்கம் வந்துடும். இரக்கம் வந்தா கண்ணு வேற மாதிரி படிக்கும்” என்பார். எனக்கு அப்போது இது கொஞ்சம் நாடகமாகத் தோன்றும். அவர் போன பிறகு நானும் கவிதாவும் கையால் மூடிக் காட்டிக் கேலி செய்ததும் உண்டு.

இனி தனலட்சுமி.

முதலியார்பேட்டை. ஐந்து வீடு தள்ளி இருப்பவர்களுக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். கணவர் அன்பழகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வாயில் மூன்று மாதமாகப் புண். மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், மாசிக்காய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. தோல் டாக்டர் வாய்க்குள் ஒரு சின்னச் சதை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றாராம். இவர் ஒப்பவில்லை. சரி, முதலில் ரத்தமாவது பார்ப்போம் என்று என்னிடம் அனுப்பினார்கள்.

ரத்தம் எடுக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேசினால் வலிக்கும் என்பதால் உதட்டை அசைக்காமல் பேசினார்.

“மொளகா வாசனை அடிச்சாலே எரியுதுண்ணே. கஞ்சிய ஆறவெச்சி ஊத்திக்கிறேன். இன்னா நோயிண்ணே இது?”

“பாத்துச் சொல்றோம்மா.”

அன்பழகன் பக்கத்தில் நின்று பொருமினார். “கத்தி வைக்க உடமாட்டேங்குறா சார். நீங்களாச்சும் சொல்லுங்க. பிடிவாதம் புடிச்சவ.”

“வாயில கத்தி வெச்சா அப்புறம் எப்பிடித் துன்றது?” என்றார் தனலட்சுமி. எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு வலியிலும் அவரும் கண்ணால் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துத் தட்டு போட்டேன். அதற்கு முன் எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் குழாயைத் திறந்தாலும் உப்பு. பாத்திரத்தில் வெள்ளை ஏடு படியும், பக்கெட்டில் படியும், சோதனைச் சாலையிலும் படியும். தட்டைக் கழுவ ஒரு கேனும் அதிலிருந்து வரும் எட்டு மூக்குக் குழலும் வைத்திருந்தோம். சோதனைக்கு வாலையில் காய்ச்சி வடித்த நீர்தான். ஆனால் வேலை முடிந்ததும் கேனையும் குழலையும் குழாய்த் தண்ணீரில் அலசிக் கவிழ்த்துவிடுவது எங்கள் பழக்கம். மாதக்கணக்கில் அப்படிச் செய்து மூக்குகளில் வெள்ளைக் கட்டி ஏறி, எட்டில் மூன்று ஒழுங்காகப் பீச்சுவதில்லை. ஊசியால் குத்திக் குத்தி அலுத்துவிட்டது.

பக்கத்து அறையில் எலும்புத் துண்டுகளை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்காக மென்மையாக்கும் வேலை நடக்கும். எலும்பைப் பெரிய ஜாடியில் ஈ.டி.டி.ஏ. என்ற கரைசலில் ஊறவைப்பார்கள். அது எலும்பில் உள்ள கால்சியத்தை ஒன்றுவிடாமல் பிடுங்கிக்கொள்ளும். நாள் கணக்கில் ஊறினால் எலும்பைக் கத்தியால் சீவலாம். குழலில் படிந்த உப்பும் கால்சியம்தானே என்று எனக்குத் தோன்றியது. அமிலம் ஊற்றினால் குழல் கெட்டுவிடும். இது கெடுக்காது. அரை லிட்டர் கேட்டு வாங்கி வந்து கேனில் ஊற்றி, குழல் வழியே ஓடவிட்டு, காலை டீ முடிந்து வரும்வரை ஊறவைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் எட்டு மூக்கும் புத்தம் புதிதாக மின்னின. கவிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ்வளவு பெருமை.

மூன்று தடவை வடித்த நீரில் அலசியிருக்க வேண்டும். அன்று காலை மின்சாரம் போய்ப் போய் வந்ததால் வாலையில் தண்ணீர் இறங்கவில்லை. இருந்தது ஒரு கேனுக்கும் கொஞ்சம் மேல். ஒரு தடவை அலசினேன். மீதியில் கழுவும் நீரைக் கலக்கி, கால்சியத்தையும் அளந்து போட்டு, அதே கேனில் ஊற்றினேன். கேனின் அடியிலும் நீண்ட குழலிலும் தங்கியிருந்த மிச்சம் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. எதைத் துவளவிடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்களோ, அதை நானே என் கையால் ஒவ்வொரு குழியாகத் துவளவிட்டேன்.

இதுவரைக்கும் தவறு. யாருக்கும் வரக்கூடியது. கண்ட்ரோல் குழி இருப்பதே இதைப் பிடிப்பதற்குத்தான். அது பிடித்தது.

அமிலம் விட்டதும் பார்த்தேன். மஞ்சளாக வேண்டிய குழி வெளிர் மஞ்சளாக இருந்தது. எண் எங்கள் எல்லைக்குக் கீழே. தட்டைத் தூக்கிப் போட வேண்டும். தனலட்சுமியின் குழியில் நிறமே இல்லை என்று சொல்லலாம்.

என் மனம் என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கண்ட்ரோல் ரத்தநீர் பழையது, பல தடவை உறைந்து உருகியது, அதனால் நிறம் குறைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையிலேயே அது பழையதுதான். அடுத்த வாரம் புதிது எடுக்க இருந்தோம். மறுபடி போட வேண்டும் என்றால் வடித்த நீர் இல்லை. தோல் டாக்டரின் அறை ஒரு மணிக்கு மூடிவிடும். அன்பழகன் கவுன்டரில் நின்று மூன்றாம் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார், ரிசல்ட்டு வந்துடுச்சா? இன்னிக்கி உட்டா இனிமே திங்கக்கெழமதான் சார் டாக்டரு. அதுவரைக்கும் அவளுக்குத் தாங்காது.”

மேடம் பரீட்சை வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தார். வெளியூரில் இருந்தாலும் போன் செய்து கேட்பார். செய்தார். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

“கண்ட்ரோல் எப்படி சேகர்?”

“கண்ட்ரோல் சரியா இருக்கு, மேடம்.”

“சரி, அனுப்பிடுங்க.”

அவ்வளவுதான். தாளில் நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்பழகன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “ஒண்ணும் இல்லியா சார்? அப்பாடா” என்றார். மாடிப்படியில் அவர் இறங்கிய வேகம் இப்போதும் கண்ணில் இருக்கிறது.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். சதை எடுக்க நோயாளி விடவில்லை. ரத்தம் நெகட்டிவ். சாதாரண வாய்ப்புண்ணுக்குத் தருவதைத் தந்து, ஆறாவிட்டால் வரச் சொல்லி அனுப்பினார். அவர்களும் ஒண்ணும் இல்லை என்ற தைரியத்தில் பொறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மழைக்காலம் முடியும்போது தனலட்சுமி மறுபடி வந்தார். இந்தத் தடவை நடந்து வரவில்லை. வார்டுக்குப் போய் நான்தான் ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. முதுகிலும் மார்பிலும் தோல் இல்லை. துணி ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும் என்பதால் கட்டிலில் வாழை இலைகளை விரித்து, எண்ணெய் தடவி, அதன்மேல் படுக்கவைத்திருந்தார்கள். அன்பழகன் தினமும் காலையில் மார்க்கெட்டுக்குப் போய்க் கிழியாத குருத்திலையாகப் பார்த்து வாங்கி வருவாராம். நான் போனபோது இலை மாற்றிக்கொண்டிருந்தார். தாழ்ந்த குரலில் விடாமல் ஏதோ முணுமுணுத்தபடியே மாற்றினார். தனலட்சுமி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

கையில் நரம்பு தேடினேன். தோல் நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்து ஊசி போட வேண்டும். கணுக்கால் பக்கத்தில் ஒரு இடம் கிடைத்தது.

“அண்ணே, நீங்களா” என்றார். “அப்ப ஒண்ணும் இல்லேன்னீங்களே.”

குற்றம் சாட்டும் குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். “மறுபடி பாக்கலாம்மா” என்று மட்டும் சொன்னேன்.

இந்தத் தடவை குழி அமிலம் விடும் முன்பே கருநீலமாக இருந்தது. மேடம் கையால் மூடி, கண்ட்ரோலைப் பார்த்து, டிக் போட்டு, கையை எடுத்தார். பெயரைப் படித்தார். “இவங்க முன்னாடி வந்தவங்க இல்ல?” என்று பழைய நோட்டை எடுக்கச் சொன்னார். அந்த நாளின் பக்கத்தைத் திறந்தார். கண்ட்ரோல் எண் என் கையெழுத்தில் இருந்தது. எண்ணை நான் மாற்றி எழுதவில்லை. அந்த யோக்கியதை மட்டும் என்னிடம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் பென்சில் டிக் இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“சொல்லுங்க.”

நான் கண்ட்ரோல் பழையது என்றேன். தண்ணீர் இல்லை என்றேன். அவர், “அன்னிக்கிக் காலைலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க” என்றார். டீ குடித்ததுவரை சொன்னேன். ஈ.டி.டி.ஏ. என்ற சொல் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஒவ்வொருவர் ரத்தநீரிலும் கொஞ்சம் எடுத்து ஃப்ரீசரில் வைப்பது எங்கள் வழக்கம். தனலட்சுமியின் முதல் ரத்தநீர் அங்கே இருந்தது. மேடம் அதை உருக்கி இரண்டு பங்காகப் பிரிக்கச் சொன்னார். ஒரே தட்டு. இடது பாதியை நல்ல கேனில் கழுவினேன். வலது பாதியை, ஈ.டி.டி.ஏ. ஊற்றி ஒரே தடவை அலசிய கேனில் கழுவினேன். அன்று செய்ததை அப்படியே செய்ய வேண்டும் என்பதற்காக, டீ குடிக்கும் நேரம்கூட ஊறவைக்கச் சொன்னார். அந்த நேரம் முழுக்க நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். டீ குடிக்கவில்லை.

இடது பாதியில் நல்ல மஞ்சள் வந்தது. வலது பாதியில் ஒன்றுமில்லை.

முதல் நாளே அந்த ரத்தத்தில் நோய் இருந்தது. நான் அதைக் கழுவி விட்டிருக்கிறேன்.

மேடம் திருத்திய அறிக்கையை எழுதினார். முந்தைய முடிவு சோதனைச் சாலையின் பிழை என்று அதில் தெளிவாக எழுதி, தானே கையெழுத்திட்டு, தானே தோல் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போனார். எனக்கு மெமோ கொடுத்தார். அது எனக்கு வலிக்கவில்லை. போகும்போது சொன்னது வலித்தது.

“டாக்டருக்கு நான் சொல்றேன். அந்தக் குடும்பத்துக்கு நீங்க சொல்லணும் சேகர். நான் சொன்னா அது லேபோட தப்பா போயிடும். என்கிட்ட நீங்க சொன்ன பதில் லேபோடது இல்ல.”

மருந்து தொடங்கியிருந்தார்கள். ஆனால் திறந்த தோலில் கிருமி முந்திக்கொண்டது. மருந்து தொடங்கிய பதினோராம் நாள் தனலட்சுமி இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முதலியார்பேட்டைக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசலிலேயே அன்பழகன் கையைப் பிடித்துக்கொண்டார். உறவுக்காரர்கள் பக்கம் திரும்பி, “இவருதான் லேபு சாரு. இன்னா நோயின்னு கடைசியில கண்டுபிடிச்சிச் சொன்னவரு” என்றார். யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள். தையல் மெஷின் மேல் துணி போர்த்தி, அதன்மேல் படத்தை வைத்து மாலை போட்டிருந்தார்கள். வாய் வரை வந்தது. பந்தியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். வடை, பாயசத்தோடு இலை முழுவதையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் மேடம் கேட்டார். “சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன், மேடம்.”

அவர் தலையசைத்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த மாதமே என்னோடு பழையபடி பேசத் தொடங்கினார். சொல்லிவிட்டவன் என்பதால்தான் பேசினார். நானும் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன். அவர் ஓய்வு பெற்று, மூன்று வருடம் முன்பு இறந்தும்போனார். ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்கப்பட்டு இரண்டு முறையும் பொய் சொன்னேன். இரண்டு முறையும் அவர் நம்பினார்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையில் யாரும் குறை கண்டதில்லை. பெயர்களைக் கையால் மூடிக்கொண்டு கண்ட்ரோல் பார்த்தேன். கவிதா கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். காரணம் தெரியாமலே அவளும் மூடப் பழகினாள். கேனில் “வடிநீர் மட்டும், மூன்று முறை” என்று பெயின்டால் எழுதிவைத்தேன். ஊரில் எந்த ஷேர் ஆட்டோவைக் கை காட்டினாலும் முதலில் டிரைவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். அந்த முகமாக இருந்துவிடக் கூடாது.

போன வாரம் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியதும், இதை அன்பழகன் மலரில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தோன்றியது. எழுதியதுவரை ஒரு கவரில் போட்டுக்கொண்டு முதலியார்பேட்டைக்குப் போனேன். அதே வீடு. அவர் ஆட்டோ ஓட்டுவதை விட்டுவிட்டார். கண் சரியில்லையாம். என்னை அடையாளம் தெரிந்து நாற்காலி போட்டார். தையல் மெஷின் அதே இடத்தில் இருந்தது. படமும் அதன்மேல்.

நான் படித்துக் காட்டினேன். எங்கும் நிறுத்தவில்லை. போனில் மேடத்திடம் சொன்ன பதில்வரை, பந்தியில் சாப்பிட்டதுவரை படித்தேன். முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அன்னிக்கே தெரிஞ்சிருந்தா பொழச்சிருப்பாளா?”

“பெரும்பாலும் பொழச்சிருப்பாங்க.”

திட்டுவார், அடிப்பார்கூட என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. படத்தைப் பார்த்தார்.

“நான் அவளைத்தான் சார் திட்னேன்” என்றார். “எல மாத்தறப்பல்லாம் திட்னேன். கத்தி வைக்க உட்டிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், ஒன் பிடிவாதந்தான் ஒன்ன இந்த எலையில கொண்டாந்து போட்டுச்சின்னு. கடைசி நாளு வரைக்கும் சொன்னேன். அவ ஒண்ணும் பேசல. செவுத்தப் பாத்துக்கிட்டே கெடந்தா. அப்புறமும் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் அதத்தான் சொன்னேன். அவ பிடிவாதந்தான் அவளக் கொன்னுதுன்னு.”

நான் பயந்தது அவர் கோபத்துக்கு. என் மௌனத்தின் பழியை இத்தனை வருடம் அந்தப் பெண்மணி சுமந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

“அந்தக் காயிதத்த வெச்சிட்டுப் போங்க சார்” என்றார் அன்பழகன். “எனக்குப் படிக்கக் கண்ணு தெரியல. பக்கத்து ஊட்டுப் பொண்ணக் கூப்புட்டு அவ படத்துக்கு முன்னாடி படிக்கச் சொல்லணும். நீங்க போங்க. நான் அவகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

வைத்துவிட்டு வந்தேன். கவிதா, உனக்கு அனுப்பியிருப்பது வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து மறுபடி எழுதியது. முதல் பிரதி முதலியார்பேட்டையில் தையல் மெஷின் மேல் இருக்கிறது.